நான் மூடிய குழாய்

பத்தொன்பது வாக்கியங்களைத் திருடினேன். உங்களிடமிருந்துதான் திருடினேன்.

சென்ற ஆண்டு நம் சிற்றிதழில் வந்த ரஷ்யக் கதை நினைவிருக்கிறதா? லெனின்கிராட்டில் ஒரு சமையலறை, கண்ணாடித் தம்ளரில் தேநீர், செர்ரிப் பழப்பாகு... மொழிபெயர்த்தவன் நான். முழுக் கதை என்று நம்பிப் படித்தீர்கள். முழுக் கதை அல்ல!

எழுதியவளுக்கு முப்பது வயது. சோவியத் செங்கொடி இறங்கிய பிறகு பிறந்தவள். அவள் வயதினர் அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பதினான்கு கதைகளைப் படித்திருக்கிறேன். தலைவர்களையும் அணிவகுப்புகளையும் அவர்கள் தொடுவதில்லை. எந்தப் பேச்சு வந்தபோது வீட்டில் குரல் தாழ்ந்தது என்று தேடுகிறார்கள்.

அவள் கதையில், முக்கியமானதைச் சொல்லுமுன் தாய் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். சுவருக்கு அப்பால் கேட்கக் கூடாதல்லவா? நான் வெட்டியது அந்த இடத்தைத்தான்.

ஏன் வெட்டினேன்?

அந்த லெனின்கிராட்டில்தான் பொறியியல் படித்தேன். நண்பன் அலெக்சேயின் வீட்டுக்கு முப்பத்தேழு ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறேன். ஜன்னலில் பனி, உள்ளே அடுப்பின் வெம்மை, அவன் தாய் எனக்கென்று கூடுதலாக வைக்கும் இரண்டு கரண்டிப் பழப்பாகு... மொன்றியலில் ஐந்து வீடுகள் மாறிவிட்டேன். அந்த வெம்மை எதிலும் இல்லை.

கடைசி ஞாயிறன்று அலெக்சேயின் தாய் குழாயைத் திறந்துவிட்டு, தன் தம்பியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த யாழ்ப்பாணத்தான். தண்ணீர் வீணாக ஓடினால் மனம் பதறும். எழுந்து மூடினேன். அவள் மீண்டும் திறந்தாள். நான் மீண்டும் மூடினேன்!

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தம்பியின் பேச்சை விட்டுவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். முப்பத்தெட்டாவது அழைப்பு வரவேயில்லை.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, சென்ட் லோரன்ட் வீதி பஸ்ஸில் இந்தக் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது. பேச்சு வெளியே கேட்கட்டும் என்றுதான் குழாயை மூடினேன் என்று எண்ணி, என்னை ஒற்றன் என்று நினைத்திருக்கிறார்கள்... அதை அப்படியே தமிழில் எழுதினால் அந்தச் சமையலறையில் எனக்கு இடமேது?

வாசகர் கூட்டத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சீலன் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் அங்க இருந்தனீங்கள். அந்தச் சனத்துக்குப் பயம் எண்டு ஒண்டும் இருக்கேல்லையோ?"

"இருக்கேல்லை."

"அப்ப இந்தப் பிள்ளை என்னத்துக்குக் கதை எழுதினவ? தேத்தண்ணி குடிச்சதைச் சொல்லவோ?"

கூடியிருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கதையைப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல்!

மறுவாரம் அவளிடமிருந்து மின்னஞ்சல். தமிழ் வாசகர்களுக்கு அந்தக் குழாய் புரிந்ததா, அதற்காகத்தான் கதையையே எழுதினேன் என்று சொல்லியிருந்தாள். நன்றாகப் புரிந்தது என்று பதில் போட்டேன்.

விடுபட்ட வாக்கியங்களை இப்போது இதழுக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் படிப்பீர்கள். அவளுக்கு மட்டும் இன்னும் உண்மையை எழுதவில்லை. அலெக்சேயின் தாய்க்கு எழுத முகவரியும் இல்லை, அவள் இருக்கவும் மாட்டாள்.

இன்று காலை சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அவள் சொல்ல வந்ததை நினைவில் கேட்க முயன்றேன். நாற்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் தாங்கவில்லை... கை தானாகப் போய் மூடிவிட்டது.