சுபத்ரா அக்காவுக்கு நான் கொடுத்த டப்பா

தேங்காய் லோடு விஷயமாக ஈரோட்டுப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அப்பா, சாயங்காலம் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓர் எவர்சில்வர் டப்பாவைச் சமையலறை மேடையில் வைத்தார். மூடியில் அம்மாவின் பெயர் பொறித்த டப்பா. பத்து நாட்களுக்கு முன் அதை நான்தான் சுபத்ரா அக்காவின் கையில் கொடுத்திருந்தேன். டப்பா திரும்பி வந்துவிட்டது, அக்கா வரவே மாட்டார் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அப்பா தணிந்த குரலில் அம்மாவிடம் சொன்னது முழுவதும் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அக்காவுடன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த நீங்கள் அனுப்பிய கடிதம் நேற்று என் பெயருக்கு வந்தது. அக்காவைத் தெரிந்தவர்கள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், பெயரும் எப்படிப் பழக்கம் என்பதும் இருக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, "எழுதோணும்னா பேரில்லாம எழுதிப்போடு கண்ணு. எப்படிப் பழக்கம்னு மட்டும் எழுதீராத" என்றார். அதை விட்டுவிட்டால் எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. அதனால் எல்லோரும் படுத்த பிறகு, சாமான் அறையில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். பன்னிரண்டு வயதிலிருந்து தினம் இரண்டு வேளை இன்சுலின். கிணத்துக்கடவில் எங்கள் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. மருந்துக் குப்பி ஒரு டப்பாவில், கறிவேப்பிலைக்கு அடியில், ஃபிரிட்ஜில் இருக்கும். யாராவது ஊசியைப் பார்த்துவிட்டால் மாட்டுக்கு என்று சொல்ல வேண்டும். நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் கவலை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சர்க்கரை தாழ்ந்து என் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்காக நான்கு வருடமாக ராத்திரியில் எழுந்து எழுந்து படுப்பவர் அவர். இன்றைக்கும் எழுந்திருப்பார். அதற்குள் முடிக்க வேண்டும்.

அக்காவை முதலில் பார்த்தது கோயமுத்தூரில், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, ஏதோ எந்த ஸ்கூல் என்று கேட்பதுபோல, "ஏனுங்க அம்மணி, உங்களுக்கு எத்தன யூனிட்டு?" என்று சத்தமாகவே கேட்டார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. இவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்னை இரண்டு நாற்காலி தள்ளி உட்கார வைத்தார். அக்காவும் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளி வந்தார். "எனக்கும் அதே காய்ச்சல்தானுங்க்கா. ஒம்பது வயசுல புடிச்சது, இன்னும் உடமாட்டேங்குது" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு மாதம் ஒருமுறை அக்கா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். டவுனிலிருந்து எனக்கு மருந்து வாங்கி வருவதும் அவரே.

ஒரு சனிக்கிழமை என்னை உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, நான் மூக்கைப் பொத்தினேன், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அக்கா ஆராய்ந்த நொதியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். புரதம் ஒரு நீளமான சங்கிலி. அது சரியாக மடிந்து நிற்க, அங்கங்கே இரண்டு கந்தக அணுக்கள் கைகோக்க வேண்டும். அந்தக் கைகளைக் கோத்துவிடுவது மனித உடம்பிலேயே இருக்கும் இந்த நொதி. தப்பான ஜோடி கோத்துக்கொண்டால் பிரித்து, சரியான ஜோடியோடு சேர்த்துவிடுவதும் அதுவே. நான் போட்டுக்கொள்ளும் இன்சுலினின் இரண்டு சங்கிலிகளும் இப்படிக் கைகோத்துத்தான் நிற்கின்றன. பாக்டீரியாவை வைத்து மனிதப் புரதத்தைத் தயாரித்தால் பல சமயம் மடிப்பு சரியாக வராமல் குப்பையாகக் குவிந்துவிடுமாம். அதைக் கரைத்து இந்த நொதியைச் சேர்த்தால் கொஞ்சமாவது உருப்படும் என்றார். வேண்டுமென்றே தப்பாகக் கோத்து வைத்த ஒரு புரதத்தில் துளி நொதியை விட்டார். செத்துக் கிடந்தது வேலை செய்ய ஆரம்பித்ததை மிஷினின் முள் மெல்ல மெல்லக் காட்டியது. "தப்பாப் போனத அவுத்து மறுக்காக் கட்டறதுக்கு நம்ம ஒடம்புக்குள்ளயே ஆள் இருக்குது பாரு" என்றார்.

அந்த நொதியை நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தார் அக்கா. பிரசவ வார்டில் ஒவ்வொரு தாயிடமும் தானே போய்க் கேட்பார். மண்ணில் புதைக்க வேண்டியதைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். மிச்சத்தை மஞ்சள் துண்டு வைத்து முறைப்படி புதைப்பேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வருவார். வாக்குத் தவறாமல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டவுன் பஸ்ஸில் ஐஸ் வாளியைப் பார்த்து மீனா என்று கேட்ட கண்டக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரைச் சுற்றி நான்கு சீட்டும் காலி.

ஒருமுறை உங்கள் கூடத்தில் மின்சாரம் இல்லாத இரண்டு நாட்கள், நொதிக் குழாய்களை எங்கள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து மாமா குடும்பம் சொல்லாமல் வந்துவிட்டது. குழாய், குப்பி எதுவும் கண்ணில் படக்கூடாதே என்று அம்மா எல்லாவற்றையும் வாரி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். அவர்கள் கிளம்புவதற்குள் ஒன்றரை நாள் ஆகிவிட்டது. நான்கு மாத உழைப்பு என்று தெரிந்ததும் அம்மா அழுதார். கொட்டிவிடட்டுமா என்று கேட்டார். "நாமளே செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணக்கூடாதுங்க்கா. சோதிச்சுப் பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்று அக்கா வாங்கிக்கொண்டு போனார். என் இன்சுலினை மட்டும் நம்பக்கூடாது என்று எறியச் சொல்லி, தன் குப்பியை எனக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் அப்பாவின் தேங்காய் மண்டிக்குப் போன் வந்தது. பாதி உயிர் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக வந்தபோது அக்கா சோர்ந்திருந்தார். ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊரில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். மூத்தவள் படிக்கிறாள் என்று மட்டும்தான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். "மூணு நாளைக்கு ஊசி வெளிய தெரியக்கூடாதுன்னு அம்மா கையப் புடிச்சுட்டு அழுகுது. நீ எப்படி ஒளிக்கறே, எனக்குஞ் சொல்லு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று. டப்பாவைக் கொடுத்தேன். எங்கள் மரத்திலிருந்து நானே கறிவேப்பிலை ஒடித்து மேலே பரப்பிக் கொடுத்தேன்.

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டது இதுதான். கல்யாண வீட்டில் சமையல்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து, கறிவேப்பிலை டப்பா என்று எடுத்துப் போய்விட்டார். பாதிப் பகலுக்கு மேல் அது விறகு அடுப்பின் மேட்டில், அண்டாவை ஒட்டி இருந்திருக்கிறது. யாரையும் கேட்க முடியாமல் தேடித்தேடி எடுத்த அக்கா, அந்த மருந்தையே போட்டுக்கொண்டார். சூட்டில் அது வேலை செய்யாமல் போயிருந்தது. எதையும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றவர், மாற்றுக்கு இன்னொரு குப்பி வாங்கி வரச் சொல்லக்கூட வாயைத் திறக்க முடியாத வீட்டில் இருந்தார். வாந்தி எடுத்தபோது கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். முகூர்த்தம் முடியட்டும் என்று அக்காவும் சொல்லியிருக்கிறார். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நேரம் கடந்துவிட்டது. "இது உங்க ஊட்டு டப்பாங்களா?" என்று கேட்டு, அக்காவின் அம்மா அதை என் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்.

என் டப்பாதான் காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால் நாமாக முடிவு செய்யக்கூடாது என்றிருப்பார். ஆனால் ஒன்று செய்துவிட்டேன். இதை எழுத உட்காரும் முன், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் குப்பியை ஃபிரிட்ஜ் கதவில், திறந்ததும் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டேன். காலையில் பாலெடுக்கும்போது அம்மா பார்ப்பார். அப்போது இந்தக் கடிதம் தபால்பெட்டியில் இருக்கும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது முதல் நாள் அவர் கேட்ட கேள்வியை மட்டும். அன்றைக்குப் பதில் சொல்ல அம்மா விடவில்லை. இப்போது சொல்கிறேன். அச்சடிக்கும்போது பெயரை எடுத்துவிடாதீர்கள்.

ம. கோகிலா, பதினோராம் வகுப்பு, கிணத்துக்கடவு. காலையில் பதினெட்டு யூனிட் அக்கா, சாயங்காலம் பத்து.