பதினேழாம் நம்பர் அறையின் இரண்டாவது ஆள்

குளியலறைக் குழாயைப் பாதி திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் இருமலை அடக்கிக்கொண்டு நிற்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். பட்டப்படிப்போடு சேர்த்து அதையும் நான் படித்தேன். எண்பதுகளின் தொடக்கம். செஞ்சியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் வருகிற ஒரு கல்லூரியின் விடுதி. தினமும் மாலை ஏழு மணிக்கு வார்டன் பதிவேட்டோடு வராந்தாவில் வந்து நின்று பெயர் படிப்பார். அந்தப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. ஒருவர் மட்டுமே தங்க வேண்டிய பதினேழாம் நம்பர் அறையில் நான் திருட்டுத்தனமாகத் தங்கிய இரண்டாவது ஆள். பெயர் படித்து முடிகிற வரைக்கும் தினமும் குளியலறைதான் எனக்கு வீடு.

தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் விடுதி இடங்கள் நிரம்பிவிட்டன. என் அப்பா, நைனா, செஞ்சி நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். தினமும் பஸ்ஸில் அனுப்பிப் படிக்கவைக்க அவரால் முடியாது. இடம் இல்லையென்றால் படிப்பும் இல்லை. "சீட்டு கெடச்சிதாடா?" என்று அவர் கேட்டபோது, "கெடச்சிட்டுது நைனா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அன்றைக்கே கமிட்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கே போய் உண்மையைச் சொல்வது?

தகரப் பெட்டியோடு விடுதி வாசலில் உட்கார்ந்திருந்த என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோனது அண்ணன்தான். கூடப் பிறந்தவர் இல்லை; பதினேழாம் நம்பர் அறைக்காரர், கடைசி வருட மாணவர். மேல்மலையனூருக்குப் பக்கத்துக் கிராமம். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, நம்ம பக்கம்! இதுக்கு இன்னாத்துக்கு இந்த மூஞ்சி? சாப்டியா இல்லியா?" அவ்வளவுதான் விசாரணை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் தரையில் பாய் போட்டுக்கொண்டார். மெஸ்ஸில் ஒரு தட்டில் இரண்டு பேருக்கு வாங்கிவருவார். மாணவர் மெஸ் கமிட்டிக்குச் செயலாளர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. என்னைப் பேச்சுப் போட்டி மேடைக்குப் பிடித்துத் தள்ளிவிட்டவரும் அவரே. கல்லூரி மொட்டை மாடியில் நிற்கவைத்து, "சத்தமா பேசுடா, செஞ்சிக் கோட்டைக்கே கேக்கணும்" என்று தொண்டை கட்டும்வரை விடமாட்டார். எனக்கே சிரிப்பு வரும். கல்லூரி மேடையில் முழங்குகிற நான் விடுதியில் தும்மக்கூடப் பயந்து கிடந்தேன்.

அவருக்கும் எனக்கும் சேர்ந்து வினை வந்தது ஒரு நோட்டீஸால். சோற்றில் புழு. நாலு முறை சொல்லியும் வார்டன் காதில் வாங்கவில்லை. 'திங்கள் முதல் யாரும் மெஸ்ஸில் சாப்பிட மாட்டோம்' என்று அண்ணன் வாசகம் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். அவர் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும்; என் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். நோட்டீஸ் பலகையில் ஒட்டியதும் விடுதியே ஒரே பேச்சாக இருந்தது.

அந்த வாரம்தான் விடுதிப் பையன்கள் செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனார்கள். வழக்கமாக வார்டன் வரமாட்டார் என்ற தைரியத்தில் நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ராஜகிரி ஏறி இறங்கிக் கல்யாண மகால் நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், ஜீப்பில் வார்டன் வந்து இறங்குகிறார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அதே நேரம், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை வேர்க்கடலையோடு நைனா வந்துகொண்டிருந்தார். ஐயோ, செஞ்சியில் ஒரு பஸ் வந்து நின்றால் போதுமே, ஊருக்கே தெரிந்துவிடும்! அவர் நேராக வார்டனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "என் பையன் உங்க ஆஸ்டல்லதான் சார் இருக்கான். பதினேழா நம்பர் ரூமு. நீங்க எடம் குடுத்ததாலதான் சார் படிக்கிறான்."

வார்டன் கண் பையன்களுக்குள் தேடி, தூணோரம் அவர் பதிவேட்டில் இல்லாத என் முகத்தில் வந்து நின்றது. பிறகு பையை வாங்கிக்கொண்டு, "நல்லாப் படிக்கிறான், கவலைப்படாதீங்க" என்றார். நைனா கண் கலங்கிப்போனார். மனிதர் எவ்வளவு நல்லவர் என்று நானும் ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அழைத்தார். மேசைமேல் நோட்டீஸ் கிடந்தது. "உங்கப்பா பாவம், நம்பிக்கிட்டு இருக்காரு. ஒரு சீட்டு காலியானா உன் பேரை எழுதிக்கலாம். இல்லைன்னா நாளைக்கே உங்கப்பாவை வரச்சொல்லிப் பேச வேண்டியதுதான். இது யார் எழுத்து?"

அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கமிட்டியில் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நைனா பஸ் ஏறி வருவது கண்ணில் தெரிந்தது. அண்ணன் பெயரைச் சொன்னேன்.

வார்டன் உடனே அவரைக் கூப்பிட்டனுப்பினார். என்னைப் போகவிடவில்லை. "இவன் சொல்றான், இது நீ எழுதினதுன்னு." அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வரி எழுதிக்காட்டச் சொன்னால் பொய் உடைந்துவிடும். வார்டன் சொல்லவில்லை. "ஆமா சார்," என்றார் அண்ணன். "நான்தான் எழுதினேன்." கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

விடுதியிலிருந்து நீக்கப்பட்டு அவர் பெட்டி கட்டும்போது நான் கதவோரம் நின்றேன். "அண்ணா" என்றேன். பாயைச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "மணி ஏழாவுது. போய் நில்லு. பேரு கூப்புடுவாங்க."

கூப்பிட்டார்கள். "பிரசன்ட் சார்" என்றேன். மாடியில் அவர் பழக்கிய குரல் அது, வராந்தா முழுக்கக் கேட்டது.

அவர் பரீட்சை எழுத வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பட்டம் வாங்கினேன், அரசாங்க வேலைக்குப் போனேன். விடுதி வாழ்க்கை மனிதனை உருவாக்கும் என்கிறார்கள். என்னையும் உருவாக்கியது. முப்பது வருட வேலையில் யாரையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை. யாருக்காகவும் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அலுவலகத்தில் என்னைச் சாது என்பார்கள். சாதுவாம், சே!

என் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை நைனா வார்டனுக்குத்தான் கொண்டுபோய் வைத்தார். அவரும் வந்தார். "உழுந்து கும்புடுடா, இவரு இல்லன்னா நீ ஏது?" என்று நைனா என் தோளைப் பிடித்து அழுத்தினார். மாலையும் கழுத்துமாக விழுந்தேன். "தங்கமான பையன்" என்று வார்டன் அட்சதை போட்டார். அந்த நிமிடம் மண்டபத்தில் இருந்த எல்லோரையும் வெறுத்தேன், நைனாவையும்கூட.

நைனாவுக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவரை ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் வாடா. அந்தப் பக்கத்துத் தம்பி ஒண்ணு உன் ரூம்ல இருந்துச்சே, அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்."

"அவரு இப்ப ஊர்ல இல்ல நைனா."

"நீ எப்பப் போய்ப் பாத்த?" என்றார்.

கண்டக்டர் விசில் அடித்தார். நான் கீழே இறங்கிவிட்டேன்.