நான்கு அரிசிமணிகள்

கோல சிலாங்கூரில் பெய்யும் மழையையும் ஆற்றின் ஏற்றவற்றத்தையும் நாள்தோறும் நோட்டில் எழுதுவது என் பழக்கம். என் மனைவிக்குத் தைராய்டு அறுவை நடந்த மறுநாள் அதில் இரண்டு கட்டங்கள் கூடின: மாத்திரை, விரல்.

அவள் வீட்டிலேயே சேலை ரவிக்கை தைப்பவள். மயக்கம் தெளிந்த மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். தைராய்டுக்குப் பின்னால் நான்கு சிறு சுரப்பிகள் உண்டு, ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுதான், அறுவையில் அவை அயர்ந்துவிட்டன என்று டாக்டரம்மா விளக்கினார். இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுக்கச் செய்வதும், சிறுநீரில் வீணாகாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. அவை விழிக்கும்வரை கால்சியம் மாத்திரை. விழிக்காவிட்டால் ஆயுள் முழுவதும்.

மனைவிக்கு ஒரே கவலை, ஊசி பிடிக்க முடியுமா என்பது. நான் மணிக்கொருமுறை விரல்களைப் பற்றிக் கேட்டேன். "மழைய அளந்தது போதாதா? இப்ப என் விரலையும் அளக்கணுமா?" என்றாள்.

பதினேழாம் நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. மாலையில் விளக்கேற்றப் போனவள் தீப்பெட்டியை நழுவவிட்டாள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்க, மற்ற விரல்கள் விறைத்துக் குவிந்துகொண்டன. என்னால் பிரிக்க முடியவில்லை. காரில் ஏற்றும்போதுதான் காலையிலிருந்து மாத்திரை போடவில்லை என்றாள்.

"சாப்பிட்ட பிறகுன்னுதானே எழுதியிருக்கு. நான்தான் சாப்பிடலியே."

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி, கால்சியம் மருந்தை நரம்பில் மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். முதலில் கட்டைவிரல் தளர்ந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக, யாரும் தொடாமலே, விரிந்தது. என் கண்ணெதிரே நடந்தும் நம்ப முடியவில்லை.

அவள் உறங்கியதும் நோட்டைப் புரட்டினேன். அன்றைய வரியில் 'விரதம்' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் மாத்திரைக் கட்டம் காலி. இரண்டும் என் கை வேலைதான். சேர்த்துப் பார்க்கத்தான் தவறியிருக்கிறேன்.

முந்தைய ஆண்டுகளின் நோட்டுகளிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அதே சொல் இருக்கிறது. அந்த நாள்களிலெல்லாம் அவள் வெறும் வயிற்றோடு தீபாவளி ரவிக்கைகள் தைத்திருக்கிறாள். ஒரு தையலும் பிசகியதில்லை. செகிஞ்சான் வயல் வாய்க்காலில் நீர்மட்டம் பிசகாமலிருக்க மதகருகே ஆட்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இவளுக்குள்ளே நான்கு அரிசிமணிகள், எலும்பிலிருந்து வேண்டிய அளவு மட்டும் வாங்கி, அவள் சாப்பிட்டதும் மீண்டும் எலும்புக்கே சேரவிட்டு, இத்தனை காலம் காவல் நின்றிருக்கின்றன. எத்தனையோ புத்தகம் படித்தவன் நான். அன்று அந்த உறங்கும் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா பல மாதங்களில் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார். அதன் பிறகும் இரத்தப் பரிசோதனை சரியாகவே வந்தது. சுரப்பிகள் விழித்துவிட்டன என்றார். விரதம் இருக்கலாமா என்று மனைவி கேட்டதற்கு, இருக்கலாம் என்று தலையசைத்தார்.

அடுத்த புரட்டாசிச் சனிக்கிழமை மாலை, அவள் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். விரல் எப்படி என்றேன்.

"காலையிலேர்ந்து அஞ்சு ரவிக்கை முடிச்சாச்சுங்க. ஒரு கொக்கிகூட நழுவல லா. எழுதிக்குங்க."

விரதம் என்று எழுதினேன். மாத்திரைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறகு அவள் விளக்கேற்றி முடிக்கும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.