நாஷோன் சலூனின் பரீட்சைக் காலம்

எங்கள் ஏரிக்கரை ஊரில், கிபுயே சந்தைக்குப் பின்புறம், சைக்கிள் டாக்சிக்காரர்கள் நிற்கும் திருப்பத்தில் என் தையல் கடையும் நாஷோன் ஒக்வேனோவின் சலூனும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே நடக்கிற பேச்செல்லாம் இங்கே கேட்கும். பலகை விரிசல் வழியாக அவன் அக்கா என்று கூப்பிட்டுத் தீப்பெட்டி நீட்டுவான், நான் ஊசியோ நூலோ நீட்டுவேன். கூடப் பிறந்தவர்களோடுகூட நான் அவ்வளவு பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

நாஷோன் ஏழாவது வரை படித்தவன். வாய் ஓயாதவன். அவன் மனைவி பெரெஸ் விடியற்காலை ஏரிக்கரைக்குப் போய் ஜிலேபிக் கெண்டை வாங்கி வந்து, சந்தை வாசலில் பொரித்து விற்பாள். மூத்த மகள் அகேயோ உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம். அந்தத் தேர்வில் தேறினால்தான் பல்கலைக்கழகம். எங்கள் திருப்பத்திலிருந்து அதுவரை யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. போகிற முதல் ஆள் தன் மகள்தான், அதுவும் டாக்டராகத்தான் என்று நாஷோன் தலை கொடுத்த எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தான்.

ஆகஸ்டில் மாதிரித் தேர்வு முடிவு வந்தது. வேதியியலிலும் உயிரியலிலும் அகேயோ தேறவில்லை. பள்ளிக்குப் போய்வந்த பெரெஸுக்கு அன்று கவனம் அடுப்பில் இல்லை. மீன்கள் ஒரு பக்கம் கருகின. நாஷோன் மட்டும் மகளைத் திட்டவில்லை. "வீட்டுல சின்னதுங்க தொல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் இங்க வந்து படி, மூலையில ஸ்டூல் போடறேன்" என்றான்.

அவளும் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள். சைக்கிள்காரன் ஒகுமுவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த நாஷோன் கேட்டான்.

"என்னம்மா அது, ஜெபமா?"

"ஆஸ்மாஸிஸ்பா."

"அப்படின்னா?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

நாற்காலியில் இருந்த ஒகுமு வயிறு குலுங்கச் சிரித்தான். "நாஷோன், ஊருக்கெல்லாம் நீ மொட்டை அடிப்பே. உன் பொண்ணு உனக்கே அடிச்சுட்டா பாத்தியா!"

கத்தரிச் சத்தம் நின்றது. நான் மெஷினை நிறுத்திவிட்டு விரிசலில் கண் வைத்தேன். நாஷோன் கோபப்படவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வேறொரு ஸ்டூலை இழுத்து மகள் எதிரே போட்டு உட்கார்ந்தான். "சரி, புரியற மாதிரி சொல்லு. இந்த ஒகுமு மண்டையனுக்குப் புரிஞ்சா போதும், எனக்குப் புரிஞ்ச மாதிரிதான்."

அகேயோ ஆரம்பித்தாள். புத்தகத்தில் இருந்த வாக்கியத்தைச் சொன்னாள். "அப்படின்னா?" என்றான் அப்பன். அடுத்த வாக்கியம் சொன்னாள். "அது ஏன் அப்படிப் போகுது?" என்றான். மூன்றாவது கேள்வியில் அவள் புத்தகத்தை மூடினாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

"எனக்கே புரியலப்பா. எதுவுமே புரியல. மனப்பாடம்தான் பண்ணியிருக்கேன்."

பாதித் தலையோடு இருந்த ஒகுமு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தை வாசலுக்குக் கொண்டுபோகுமுன் பெரெஸ் சலூன் வாசலில் உட்கார்ந்து மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். உப்புப் போட்ட மீனிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தட்டில் இறங்கியது. அகேயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பிரித்து அந்தப் பத்தியை ஒரு தரம் படித்தாள்.

"அப்பா, அம்மா உப்புப் போட்டதும் மீனுக்குள்ள இருக்கிற தண்ணி ஏன் வெளிய வருது தெரியுமா? அதுதான்பா ஆஸ்மாஸிஸ்." என்று தொடங்கினாள்.

ஒகுமுவின் மிச்சத் தலையை வெட்டி முடிக்க வெகு நேரம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலம் தோறும் அதுவே வழக்கம். நாற்காலியில் யார் இருந்தாலும் அகேயோ அன்றைய பாடத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒண்டியெக் பெரியவர் தலையில் முடியே கிடையாது. அவர் சும்மா முகச் சவரத்துக்கென்று வந்து உட்கார்ந்து, அணு விஷயத்தில் அவளோடு சண்டை போடுவார்.

"கண்ணுக்கே தெரியாதுங்கிற. அப்ப உள்ள எலெக்ட்ரான் சுத்துதுன்னு எவன் பாத்தான்?"

"யாரும் பாக்கல தாத்தா. அது பண்ற வேலையை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க."

"எங்க ஸ்டேஷன் மாஸ்டரையும் யாரும் பாத்ததில்ல. அவர் பண்ணின வேலையையும் யாரும் பாத்ததில்ல!"

கடை அதிரும் சிரிப்பு. ஆனால் மறுநாள் அதே கேள்வியோடு பெரியவர் வந்துவிடுவார். நானும் என் பங்குக்குப் பலகைக்கு இந்தப்பக்கமிருந்து, "அகேயோ, சிறுநீரகம் இன்னொரு தடவை சொல்லு, மெஷின் சத்தத்துல விட்டுப்போச்சு" என்று கத்துவேன். எனக்கு இன்றைக்கும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று தெரியும்.

பெரெஸுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஆம்பளைங்க மொட்டைத் தலையோட உக்காந்திருக்கிற இடத்துல வயசுப் பொண்ணு நின்னு கத்திக்கிட்டிருக்கா. நல்லாவா இருக்கு?" என்பாள். தடுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை. கடைசியில் அடுப்பையும் வாணலியையும் சலூன் வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகளுக்குக் காவலாக என்றுதான் வந்தாள். ஆனால் ஒரு நாள் அகேயோ இதயத்தின் அறைகளை மாற்றிச் சொன்னபோது, வாணலியிலிருந்து தலையைத் தூக்காமலே, "நேத்து வலது பக்கம்னு சொன்னே" என்றாள்.

இதனால் தொழில் கெட்டதும் உண்டு. அப்படிக் கேட்டுக்கொண்டே வெட்டியதில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் வலது காதோரம் மொட்டையாகிவிட்டது. காந்தம் ஏன் இரும்பை மட்டும் இழுக்கிறது என்பதில் நாஷோன் அப்படியே மூழ்கிவிட்டான். மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் குதித்தான்.

"நாளைக்குக் கல்யாணம்யா எனக்கு!"

"கவலைப்படாத தம்பி. பொண்ணு இடது பக்கம்தானே நிப்பா? நீ வலது பக்கத்தை அவளுக்குக் காட்டாத."

"அவ வலது பக்கம்தான் நிக்கப் போறா!"

அன்று என் கடையிலிருந்து ஒரு தொப்பி போனது. அந்தக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை மட்டும் தொப்பியோடு இருப்பான்.

அக்டோபர் கடைசியில் பள்ளியில் பிரார்த்தனை நாள். தேர்வுக்கு முன்னால் பெற்றோரெல்லாம் வந்து பிள்ளைகள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். நாஷோனுக்கு நான்தான் கோட்டைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பாதிரியார் முடித்ததும், பெற்றோர் யாராவது ஜெபிக்கலாம் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நாஷோன் எழுந்தான். பெரெஸ் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள், பயனில்லை.

"ஆண்டவரே, எல்லாப் பாடமும் பிள்ளை எனக்குச் சொல்லிட்டா. எனக்கும் புரிஞ்சுது. வேதியியல்ல அந்த மோல் கணக்கு மட்டும் இன்னும் புரியல. எனக்குப் புரியலன்னா அவ சரியாச் சொல்லலன்னு அர்த்தம். அதனால அந்த ஒண்ணு மட்டும் கேள்வித்தாள்ல வராம பாத்துக்குங்க. ஆமென்."

மாணவிகள் வரிசை முழுக்கச் சிரித்தது. பயத்தில் வெளிறிப்போய் இருந்த முகங்கள் எல்லாம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தன. தலைமையாசிரியைகூட கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அகேயோ தலையைக் குனிந்தபடி இருந்தாள். தோள்கள் குலுங்கியது சிரிப்பிலா அழுகையிலா என்று எனக்குத் தெரியவில்லை.

மோல் கணக்கு வந்தது. இரண்டு கேள்வி.

முடிவு வருவதற்குள் புது வருஷம் பிறந்து, பெருமழையும் தொடங்கிவிட்டது. அகேயோ பி பிளஸ் வாங்கியிருந்தாள். எங்கள் திருப்பத்தில் அது சாதாரணமில்லை. ஒகுமு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஆனால் மருத்துவத்துக்கு அது போதாது. நாஷோன் அதைக் கேட்டதும் சலூன் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனவன் வெளியே வரவேயில்லை.

கஞ்சி எடுத்துக்கொண்டு நான் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"தெரு முழுக்க டாக்டர்னு சொல்லிட்டேன் அக்கா. இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கடையைத் திறப்பேன்?"

"சொன்னது நீ. அந்தப் பிள்ளை எங்கயாவது சொல்லிச்சா?" என்றேன்.

பெரெஸ் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"அகேயோ அப்பா, மூக்கு எப்படி மோந்து பாக்குதுன்னு அவகிட்ட கேட்டீங்க. இரும்பு ஏன் துருப்பிடிக்குதுன்னு கேட்டீங்க. வானத்துல இருக்கிறது, பூமியில இருக்கிறது எல்லாம் கேட்டீங்க. உனக்கு என்ன படிக்கணும்னு ஒரு நாள் கேட்டீங்களா? நானும்தான் கேக்கல."

பிறகு நாஷோன் எழுந்து உட்கார்ந்தான். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டான். அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"சொல்லும்மா. உனக்கு என்ன படிக்கணும்?"

"ஏரியைப் படிக்கணும்பா."

"ஏரியையா?"

"தண்ணி, மீன், இந்த ஆகாயத்தாமரை எல்லாத்தையும். ஏரி வளைகுடாவையே மூடிக்கிட்டு வருதே. படகு கரைக்கு வர முடியாம அம்மா எத்தனை நாள் வெறுங்கூடையோட திரும்பி வந்திருக்காங்க! எல்டோரெட்டுல இருக்கிற பல்கலைக்கழகத்துல மீன்வளம்னு ஒரு படிப்பு இருக்கு. என் மார்க்குக்குக் கிடைக்கும்."

"மீனா?" என்றான் நாஷோன். "மீனுக்கா அவ்வளவு ஆஸ்மாஸிஸ்?"

பெரெஸ் இடுப்பில் கைவைத்தாள். "என்ன, மீன்னா இளப்பமா? கத்தரியா இந்த வீட்டுக்குச் சோறு போட்டுது? மழைக்காலத்துல எவன் வந்து முடி வெட்டிக்கிறான்?"

"நான் எப்ப இளப்பம்னு சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்!"

"கேட்ட தொனி எனக்குத் தெரியும்."

அகேயோ சிரித்துவிட்டாள். முடிவு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

விருப்பப் பாடத்தை மாற்றிக்கொள்ள அப்போது ஒரு வாய்ப்பு உண்டு. நாஷோன் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு மகளோடு பள்ளிக்குப் போனான். அங்கே ஆசிரியர் அறை வாசலில் பெற்றோர் கூட்டம். எல்லோரும் எப்படியாவது மருத்துவம், எப்படியாவது சட்டம் என்று ஆசிரியரை நச்சரித்துக்கொண்டிருந்தார்களாம். இவன் முறை வந்ததும் ஆசிரியர் அலுப்போடு, "உங்களுக்கும் டாக்டர்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

"டாக்டர் இருந்துது சார். அதை எடுத்துட்டு மீன் போட்டுக் குடுங்க" என்றானாம் நாஷோன்.

அந்தக் காலத்தில் தேறியவுடனே பல்கலைக்கழகம் கூப்பிட்டுவிடாது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது. அகேயோ அப்பனோடு நின்று முடி வெட்டக் கற்றுக்கொண்டாள். பெண் கையால் வெட்டிக்கொள்ள மாட்டோமென்று வீம்பு பேசிய ஆண்கள், அவள் கை நேர்த்தியைப் பார்த்து, நாஷோன் நாற்காலி காலியாக இருந்தாலும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். "என் கடையில எனக்கே வேலை இல்ல" என்று அவன் பெருமையாக அலுத்துக்கொள்வான். அடுத்த வருஷத் தேர்வுப் பிள்ளைகள் அக்கம்பக்கத்திலிருந்து தாங்களாகவே வரத் தொடங்கினார்கள். வாசலில் மீன் பொரியும் வாசனை, உள்ளே பவுடர் வாசனை, நடுவில் ஏதாவது ஒரு பிள்ளை திக்கித் திணறிப் பாடம் சொல்லும். "அப்படின்னா?" என்பான் நாஷோன். அவனுக்குப் புரிந்த பாடத்தில்கூட, புரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான். நான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது எங்களுக்கு வசதி ஒன்றும் கிடையாது. ஆனால் சாயங்காலம் எப்போது வருமென்று இருக்கும்.

அகேயோ எல்டோரெட் பஸ் ஏறியபோது பெரெஸ்தான் தெம்பாக நின்றாள். நாஷோன் பஸ் கிளம்பும் முன்பே வேலை இருக்கிறதென்று நடையைக் கட்டிவிட்டான். கடைக்கு வந்து, வாடிக்கையாளர் யாரும் இல்லாமலே கத்தரியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

முதல் நீண்ட விடுமுறையில் அவள் வந்தபோது கண்ணாடிக் குப்பிகளும் கயிறு கட்டிய ஒரு வாளியும் கொண்டுவந்தாள். ஆகாயத்தாமரைக்கு அடியில் தண்ணீர் எப்படி இருக்கிறதென்று எடுத்துப் பார்க்க வேண்டுமாம். படகுக்காரர் ஒருவர் சம்மதித்தார். "அப்பா, நீங்களும் வாங்க. அத்தை, நீங்களும்" என்றாள் எங்களை.

ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த நாஷோன் அதுவரை படகில் கால் வைத்ததில்லை. சின்ன வயதில் அவன் அண்ணன் அந்த ஏரியில்தான் மூழ்கிப் போனான். அதை அவன் எங்களிடம் சொன்னது அன்றைக்குத்தான், கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. பெரெஸுக்கு மட்டும் முன்பே தெரியும். "வேண்டாம்பா, நீங்க இங்கயே இருங்க" என்றாள் அகேயோ. அவன் படகுக்குள் இறங்கி, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

படகு பச்சைத் தழையைப் பிளந்துகொண்டு மெல்லப் போனது. எங்கே பார்த்தாலும் ஊதாப் பூக்கள். அகேயோ வாளியை இறக்கித் தண்ணீரை எடுத்துக் குப்பியில் ஊற்றி, வெயிலுக்கு நேரே பிடித்தாள். அந்தத் தழைக்கு அடியில் மீன் ஏன் மூச்சு முட்டிச் சாகிறது என்று சொல்லத் தொடங்கினாள். நாஷோனின் விரல்கள் பலகையை விடவில்லை. ஆனாலும் அவன் கண் குப்பியிலேயே இருந்தது. பாதியில், தண்ணீருக்குள் மூச்சு எப்படி இருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். அவள் சொன்னாள். கரை திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

அகேயோ இப்போது அந்த ஏரியிலேயே ஆராய்ச்சி அதிகாரி. பெரெஸ் போய் நாலு வருஷமாகிறது. சாலையை அகலப்படுத்தியதில் எங்கள் இரண்டு கடையும் போய்விட்டன. நாஷோன் மகள் வீட்டில் இருக்கிறான். பேத்திக்கு இந்த வருஷம் கடைசித் தேர்வு. போன ஞாயிறு நான் போயிருந்தபோது, அவள் ஏதோ கணினிப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காது அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால் அவள் கத்திக் கத்திச் சொல்கிறாள்.