ஓம் சொல்லிச் சரிபார்த்த வரிக்கணக்கு

வரிக்கணக்கைப் பார்க்காமலே சரிபார்த்த மடையன் நான்தான். வைலே நகரில் எங்களுக்கு ஒரு சின்ன மரக்கறிக் கடை உண்டு. ஒவ்வொரு ஆண்டும் மனைவி கணக்குப் புத்தகத்திலிருந்து செலவுகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். வரிக்கு நான் எழுதிய தாளில் அதே தொகை இருந்தால் ‘ஓம்’ என்று சொல்லி நான் சரி போட வேண்டும்.

இம்முறை, கணக்கை அனுப்ப வேண்டிய கடைசி நாளில், என் கண் தொலைபேசியில் ஓடிய கிரிக்கெட்டில் இருந்தது. வாய் மட்டும் வேலை செய்தது.

“கடை வாடகை, இந்தத் தொகை.”

“ஓம்.”

“கரண்ட் காசு?”

“ஓம், ஓம்.”

“உங்கட மனுசி ஓகூஸ் டவுனுக்கு ஓடிப்போட்டாள்.”

“ஓம்.”

புத்தகம் மேசையில் விழுந்த சத்தத்தில்தான் நிமிர்ந்தேன். முதலிலிருந்து மறுபடி பார்த்தோம். புதுக் குளிர்பெட்டியின் விலையை இரண்டு தரம் செலவாக எழுதி வைத்திருந்தேன்! அப்படியே அனுப்பியிருந்தால் தண்டம் கட்டியிருப்போம்.

இப்போது நான் வாசிக்கிறேன், அவள் சரி போடுகிறாள். தொலைபேசிக்கு அடுத்த அறைதான் இடம்.

“இருபது வருசமா நீர் சொல்லுறதுக்கெல்லாம் இப்பிடித்தானே ஓம் சொல்லிக்கொண்டு வாறன்?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“வீட்டுக்கு அது சரி, வரிக்குச் சரிவராது” என்றாள்.