மானத்துக்காகக் குதித்தேன்

நீச்சலை நான் முதலில் பழகியது கட்டிலில். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோடை விடுமுறை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு உள்ளறை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த நீச்சல் புத்தகத்தைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, குப்புறப் படுத்து, படத்தில் இருந்தபடி கையையும் காலையும் வீசிக்கொண்டிருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கதவைத் திறந்த என் கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கரை சேந்ததும் சொல்லு, காப்பி குடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கை. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கரும்பலகையில் எழுதி முடித்து நான் கையை நிறுத்திய பிறகும், மேல்கைச் சதை மட்டும் தனியாகச் சற்று நேரம் எழுதிக்கொண்டிருக்கும். முதல் பெஞ்சுப் பெண்கள் பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள். மூட்டு வலிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா, "ஒண்ணு நடங்க, இல்லாட்டி நீந்துங்க. நீந்துனா ஒடம்பு முழுக்க இறுகும், மூட்டுக்கும் நோகாது" என்றார். நடப்பதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. எதிரே வருகிற பெற்றோர் ஒவ்வொருவரும் நிறுத்திப் பிள்ளையின் மார்க்கை விசாரிப்பார்கள். தண்ணீருக்குள் யாரும் நிறுத்த முடியாது என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊரில் நீச்சல்குளம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் கல்யாண நாளைப்போல நினைவில் வைத்திருந்து, குடம் குடமாகப் பிடித்து அண்டாவை மூடிக் காத்த காலம் அது. அப்படிப்பட்ட ஊரின் வெளிவிளிம்பில், வத்தலக்குண்டு சாலைப் பக்கம், ஒரு தனியார் பள்ளிக்கூடம் நீச்சல்குளம் கட்டி, கோடையில் வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டது. அதிகாலையில் ஆண்கள். அதற்குப் பின் ஒரு மணி நேரம் 'லேடீஸ் பேட்ச்'. முதல் நாள் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு, "ஆத்தாடி, இதுல எத்தன கொடம் இருக்கும்!" என்றுதான் கேட்டார்.

அடுத்த சிக்கல் உடை. நீச்சல் உடை என்ற ஒன்றை எங்கள் ஊர்க் கடைகளில் கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. இளவயதுக்காரிகள் சுடிதாரில் வந்தார்கள். மற்றவர்கள் நைட்டி. நைட்டி என்றால் தோளில் ஒரு துண்டு. வாசலுக்குப் பால் வாங்க வந்தாலும் அந்தத் துண்டு வேண்டும். அந்தத் துண்டோடேயே நாங்கள் குளத்திலும் இறங்கினோம். இறங்கியதும் நைட்டிக்குள் காற்றுப் புகுந்து சுற்றிலும் உப்பிக்கொள்ளும். ஆளுக்கொரு பூசணிக்காய்க்கு நடுவில் நிற்பதுபோல் நிற்போம். காற்று இறங்கியதும் அதே துணி காலைச் சுற்றிக்கொள்ளும். மதுரையிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் பெண் தலையில் அடித்துக்கொண்டார். "நைட்டி போட்டுக்கிட்டு நீந்துறது, கொடையப் பிடிச்சுக்கிட்டு நீந்துற மாதிரிம்மா!" நாங்கள் சிரித்தோம். மறுநாளும் நைட்டியில்தான் போனோம்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் வந்துபோனவள் ஒருத்தி. முப்பது வயதுக்குள் இருப்பாள். நானும் அவளும் ஒரே மினி பஸ்ஸில் ஏறுவோம். பழைய சுடிதார், இறுகக் கட்டிய தலை. எங்களில் நன்றாக நீந்தக் கற்றுக்கொண்டவள் அவள்தான். ஆழம் குறைந்த பக்கத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதறிக்கொண்டிருக்கும் நேரத்தில், சத்தமில்லாமல் போய் வருவாள். ஆனால் நேரம் முடிகிற சமயத்தில் ஆழப் பக்கத்துக்குப் போய் விளிம்பில் உட்காருவாள். எழுந்து நிற்பாள். சிலுவை போட்டுக்கொள்வாள். பயிற்சியாளர் "குதி, நான் இருக்கேன்ல, குதி!" என்பார். அவள் தண்ணீரையே பார்ப்பாள். பிறகு மெல்ல உட்கார்ந்துவிடுவாள். தினமும் இதுதான்.

ஒருநாள் பஸ்ஸில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "நீந்தத்தான் நல்லா வருதேம்மா, குதிச்சுத்தான் ஆகணும்னு என்ன? படியப் பிடிச்சு எறங்கிக்க வேண்டியதுதான?"

"படியப் பிடிச்சு எறங்குறதுக்கா வாரேன்?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். சித்தையன்கோட்டைப் பக்கம் அவர்களுக்குத் தோட்டம், தோட்டத்தில் கிணறு. "மூத்த பய ஒண்ணாப்புப் படிச்சான்க்கா. கெணத்துல விழுந்தப்ப நான் மேட்டுலதான் நின்னேன். கத்துனேன். ஆளுக வந்தாக. அம்புட்டுத்தான்."

அவளே தொடர்ந்தாள். அதற்குப் பிறகு தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு டவுனில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். இப்போது மாமனாருக்கு முடியவில்லை. லீவு முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்புகிறார்கள். சின்னவள் ஒருத்தி இருக்கிறாள். கிணறும் அங்கேயே இருக்கிறது.

"நீச்சத் தெரிஞ்சா மட்டும் போதாதுக்கா. மேட்டுல நின்னா காலு வரணும். அன்னைக்கு எனக்குக் காலு வரல. இன்னொரு வாட்டி நான் அப்பிடி நிக்கக் கூடாது."

என் கைச்சதையைப் பற்றி அதன்பின் நான் பஸ்ஸில் பேசவில்லை.

லீவு முடியப்போகிற வாரம் அது நடந்தது. பயிற்சியாளருக்குப் போன் வந்திருப்பதாகச் சொல்லி அலுவலக அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "எல்லாரும் இந்தப் பக்கத்துலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தண்ணீர் போதுமென்று ஏறிவிட்டேன். உலர்ந்த துணி வைத்திருந்த இடம் ஆழப் பக்கத்தைத் தாண்டி இருந்தது. நைட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் தோள் துண்டு குளத்தில் யார் பக்கத்திலோ மிதந்துகொண்டிருந்தது. விளிம்போரமாக நடந்துபோனேன். அவள் வழக்கம்போல ஆழப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டியபடி, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கேட் திறந்தது. குளத்து மோட்டாரைப் பழுது பார்க்கிறவர், கையில் ஸ்பேனர் பையோடு, நேரம் தெரியாமல் உள்ளே வந்துவிட்டார்.

"ஆம்பள ஆளு!" என்று யாரோ அலறினார்கள். குளத்தில் இருந்த அத்தனை பேரும் கழுத்துவரை அமுங்கிவிட்டார்கள். "அண்ணே, அங்கிட்டுத் திரும்புங்கண்ணே!" என்று கூச்சல். அவரும் நல்ல மனிதர். பதறிப்போய்ச் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தண்ணீருக்கு வெளியே மறைய இடமில்லாமல் நின்றவள் நான் ஒருத்திதான். யோசிக்கவில்லை. மானத்தைக் காப்பாற்ற, நின்ற இடத்திலிருந்தே தண்ணீருக்குள் குதித்தேன். அது ஆழப் பக்கம் என்பது குதித்த பிறகு ஞாபகம் வந்தது.

காலுக்குத் தரை தட்டவில்லை. நைட்டி மேலே கிளம்பி முகத்தை மூடிக்கொண்டது. சாகும் நேரத்தில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடும் என்று படித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது பூப்போட்ட நைட்டியின் உள்பக்கம் மட்டும்தான். கத்த வாயைத் திறந்தேன். தண்ணீர் உள்ளே போனது. காதுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதி எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. என் மகளுக்குச் சாயங்காலம் சாப்பிட என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு பயம்கூட இல்லை. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று தோன்றியது.

அப்போது பக்கத்தில் தண்ணீர் அதிர்ந்தது. ஒரு கை என் முதுகைத் தடவி, தோளைத் தடவி, பின்னலைப் பிடித்தது.

சினிமாவில் காப்பாற்றுவதுபோல் அழகாகவெல்லாம் நடக்கவில்லை. பிடி கிடைத்ததும் நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள்மேலேயே ஏறப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து கீழே போனோம். அவள் என்னை வயிற்றில் உதைத்து விலக்கினாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். மறுபடி பின்னலைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளியே வந்தது, மூச்சு, மறுபடி தண்ணீர், மறுபடி மூச்சு.

மேலே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். "அண்ணே, முழுகுறாகண்ணே! ஓடியாங்கண்ணே!" என்று இவர்கள் கத்தியிருக்கிறார்கள். அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடியே, "அப்ப திரும்பவாம்மா?" என்று கேட்டாராம். பிறகு இலை அள்ளுகிற வலையின் நீளக் கம்பை எடுத்து, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டே நீட்டியிருக்கிறார். முதலில் அது என் மண்டையில்தான் இடித்தது. இரண்டாவது முறை அவள் கைக்குச் சிக்கியது. விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். நான் குப்புறக் கிடந்து குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினேன். பயிற்சியாளர் ஓடிவந்து என் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதார்.

அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்தாள். ஆழப் பக்கத்து விளிம்புக்கு நடந்தாள். சிலுவை போடவில்லை. குதித்தாள்.

மேலே வந்தாள், நீந்தி வந்து ஏறினாள், மறுபடி போய்க் குதித்தாள். பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. மூன்றாவது முறை வெளியே வந்தவள் ஏறாமல், விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். நான் படுத்திருந்த இடத்துக்கு நேராக அவள் முகம். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"இம்புட்டுத்தானாக்கா?"

புரியாமல் பார்த்தேன்.

"குதிக்கிறது. இம்புட்டுத்தானா? ஒரு எட்டுத்தானக்கா. அன்னைக்கு இதையா நான் வைக்காம நின்னேன்?"

பிறகு அவள் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று எழுதினால் பொருந்தாது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் நான். அன்றைக்கு என்னால் முடிந்தது, கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான். அவள் தண்ணீரிலும் நான் தரையிலுமாக அப்படியே கிடந்தோம். 'அன்னைக்கு ஒனக்கு நீச்சத் தெரியாதே, குதிச்சிருந்தா ரெண்டு பேருமில்ல போயிருப்பீங்க' என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையை அவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. மோட்டார்க்காரர் மட்டும் கம்பைக் கையில் பிடித்தபடி, இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "யாருக்கும் ஒண்ணும் இல்லேல்லம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வாரத்தோடு எங்கள் பேட்ச் முடிந்தது. அவள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் அடுத்த கோடையில் மறுபடி சேர்ந்து, டீ ஷர்ட்டும் முழங்கால் வரை டவுசரும் மாட்டிக்கொண்டு, முறையாக நீந்தக் கற்றேன். குதிக்கவும் கற்றேன். இன்றும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் நிற்கும்போது, அந்த ஒரு எட்டு எவ்வளவு சிறியது, எவ்வளவு பெரியது என்று தெரியாமல்தான் குதிக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் வெயில் ஏறினால் செய்தித்தாளில் கிணறுகளும் குட்டைகளும் வந்துவிடும். 'தாய் கண்ணெதிரே சிறுவன் பலி' என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். "அம்மாக்காரி என்னதான் பண்ணிக்கிட்டிருந்தா?" என்று காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கேட்டால் நான் தாளை வாங்கி மடித்து வைத்துவிடுகிறேன். தரையில் நின்றுகொண்டு கேட்கக் கூடாத கேள்வி அது என்பதை, தண்ணீரைக் குடித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தைய நாள் இரவெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்ததை உணர்ச்சியோடு சொன்னேன். "எனக்காக உசுரப் பணயம் வச்சுக் குதிச்சியேம்மா, இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. தண்ணியில விழுந்த சத்தம் கேட்டுச்சு, குதிச்சுட்டேன். கையில பின்னல் சிக்கவுந்தான், அட, இது டீச்சரக்காவுல்லன்னே தெரிஞ்சுச்சு."