சைகோன்காரர் ஓட்டலில் அம்மா நண்டு தின்ற சனிக்கிழமைகள்

போன வாரம் என் மகன் நண்பர்களோடு எங்கேயோ சாப்பிடப் போய்விட்டு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே குடித்த வாசனை வந்துவிட்டது. கத்தினேன். "எல்லாரும்தாம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கத்துவதால் ஒரு பலனும் இல்லை என்பது தெரிந்துபோனது. அன்றிலிருந்து, குரலை உயர்த்தாமலேயே ஒரு கடையை வழிக்குக் கொண்டுவந்த என் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அரசாங்கம் மதுக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த வருடங்கள் அவை. மரக்காணத்தில், உப்பளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில், கால்வாய்ப் பாலத்தை ஒட்டி சைகோன்காரர் ஓட்டல் வைத்திருந்தார். சைகோனில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமைத்துவிட்டு ஊர் திரும்பியவர். குடிக்கப் பாட்டில் உண்டு; தின்ன ஒரே ஒரு பண்டம்தான். பெரிய அண்டாவில் நண்டு, இறால், வள்ளிக்கிழங்கு, முழுப்பூண்டு, மிளகு, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, நீரை வடித்து, மேசையில் விரித்த வாழையிலைமேல் அப்படியே கொட்டுவார். தட்டு கேட்டால், "தட்டுல துன்றதுன்னா ஊட்டுக்குப் போ" என்பார். கொட்டியதும் மூலையில் இருக்கும் அக்கார்டியனை எடுத்து ஒரு பாட்டு வாசிப்பார். பாட்டு முடியும்வரை யாரும் நண்டைத் தொடக்கூடாது.

இன்னொரு விதியும் இருந்தது. பெண்டு பிள்ளைகள் சாப்பிடும்போது கடைக்குள் பாட்டிலைத் திறக்க மாட்டேன் என்று அவர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார். பெண்கள் யாரும் அந்தப் பக்கமே போனதில்லை என்பதால், அது அவருக்குச் செலவில்லாத பக்தியாக இருந்தது.

அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, வீடு திரும்பும் வழியில் சைக்கிளோடு கால்வாயில் விழுந்துவிட்டார். உப்பு ஏற்றிப் போன தோணிக்காரர்கள் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள். "இடுப்பளவுத் தண்ணிதான்டி, இதுக்குப் போயி அழுவுறியே" என்று அப்பா சிரித்தார். தோணி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா கேட்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய சட்டையைப் பிழிந்து காயப்போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தலை சீவி ரிப்பன் கட்டினாள். ஈஸ்டருக்கு மட்டும் வெளியே வரும் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். எங்கே போகிறோம் என்றேன். "ஓட்டலுக்கு" என்றாள். என் வாழ்க்கையில் அதுவரை கேட்ட சொற்களிலேயே அழகானது அதுதான்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது எல்லாத் தலைகளும் திரும்பின. பின்வரிசையில் அப்பாவின் கையில் இருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"சாப்பாடு இருக்குதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

சைகோன்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். "இருக்குது தங்கச்சி. ஆனா இது வந்து... ஆம்பளைங்க ஒக்கார்ற எடம்."

"போர்டுல ஓட்டல்னுதானே போட்டிருக்குது?"

அவர் போர்டு இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு மாதா படத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, மேசை மேசையாகப் போய்ப் பாட்டில்களை எடுத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்.

லாரி டிரைவர் ஒருவர் எழுந்தார். "யோவ் சைகோன், கடை நடத்துறியா, கோயில் நடத்துறியா?"

"நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதாம்பா. பசிச்சா துன்னு. இல்லன்னா நடையக் கட்டு."

அம்மா அப்பாவைப் பார்த்து, "வாங்க, சூடா இருக்குது" என்றாள், வீட்டில் கூப்பிடுவதுபோலவே. அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். ஊரே பார்க்கிறது, அவரால் வேறென்ன செய்ய முடியும். அக்கார்டியன் வாசித்து முடிந்ததும் அம்மா ஒரு நண்டை எடுத்தாள். கால் காலாக உடைத்தாள். ஒவ்வொரு காலையும் உறிஞ்சி, ஓட்டை வரிசையாக அடுக்கினாள். அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காத்திருந்து அலுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். கடைசிக் கொடுக்கை உடைத்தபோது கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

அடுத்த வாரமும் போனோம். எங்களை முந்திக்கொள்ள ஆண்கள் சீக்கிரம் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் நாங்கள் அதைவிடச் சீக்கிரம் போய் உட்கார்ந்திருந்தோம். சைகோன்காரர் கெஞ்சிப் பார்த்தார். "சனிக்கெழமதாம்மா எனக்கு யாபாரம்."

"நாங்க யாபாரத்துக்குத்தானே வர்றோம்? இன்னும் ரெண்டு நண்டு சேத்துப் போடுங்க."

பிறகு ஒருநாள் லாரி டிரைவரின் மனைவி இடுப்பில் பிள்ளையோடு வந்து இறங்கினாள்.

"ஒன்ன யாருடி வரச் சொன்னது?" என்று அவர் எகிறினார்.

"ஏன், நீ மட்டுந்தான் நண்டு துன்னுவியா? ஒக்காரு. புள்ளைக்கி அந்தக் கொடுக்க ஒடச்சிக் குடு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த சனிக்கிழமை, உப்பு சுமக்கும் பெண்கள் கால்வாயில் கை கால் கழுவிக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். மேசைக்கு இருவராக உட்கார்ந்தார்கள். இலை போதவில்லை, அண்டா போதவில்லை. பாட்டு முடியும்வரை காத்திருக்க அவர்களில் யாருக்கும் பொறுமை இல்லை. "நீ பாட்டுக்கு வாசி அண்ணே, நாங்க பாட்டுக்குத் துன்றோம்" என்றார்கள். சைகோன்காரர் முதல்முறையாகத் தன் விதியைத் தளர்த்தி, பாட்டுக்கு மேல் பாட்டாக வாசித்துத் தள்ளினார். வியாபாரம் முன்பைவிட நன்றாக நடந்தது என்பதை வெகுநாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

கோடை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை, நாங்கள் கிளம்பும் முன்பே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று கத்தினார்: "இன்னா, இன்னும் கெளம்பலியா? நண்டு ஆறிடப் போவுது!" அம்மா உள்ளே கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்பா குடிக்கவில்லை. அரசாங்கம் மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தபோது, எங்கள் வீட்டுக்கு அது பழைய செய்தி.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கால்வாய்க் கரையோரமாக நடந்து திரும்பினோம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சைகோன்காரரின் மெட்டை முணுமுணுத்தபடி நேராகத்தான் நடந்தார். அம்மா அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நடந்தாள். அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வந்தது. தோணி விளக்குகளும் அங்கிருந்துதான் தெரியும். நான் அங்கே வருகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. வீடு வரும்வரை அந்த இடத்தை விட்டு அவள் நகரவே இல்லை. இவ்வளவு ஜெயித்த பிறகும், நல்ல காற்றைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத அம்மாவாக இருக்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.